ராட்சத விலங்கின் தீவில் வாழ்ந்தவர்கள்

ஜப்பானியர் 'கைஜூ' என்று அழைக்கும் ராட்சத விலங்கை நடுவில் நிறுத்தி எடுக்கப்பட்ட திரைப்படங்கள், 1954 முதல் 1975 வரையான காலத்தில், அதாவது ஹிரோஹித்தோ பேரரசரின் ஷோவா ஆட்சிக் காலத்தின் பிற்பகுதியில், ஒரு தனி வகையாக வேரூன்றி உலகெங்கும் பரவின. அணுகுண்டுக்கு இரையான ஒரு சமூகம் தன் அச்சத்தையும் துயரத்தையும் சொல்லிக்கொள்ளக் கண்ட வடிவம் என்று அவை போற்றப்படுகின்றன. அந்தப் புகழுக்கு அவை தகுதியானவையே. ஆயினும் அதே சமூகம், குண்டுக்கு இரையாவதற்குச் சற்று முன்புவரை, கொரியா முதல் பசிபிக் தீவுகள் வரை பிற மக்களை ஆண்ட பேரரசாகவும் இருந்தது. ஆகவே அப்படங்களில் யார் முகமும் பெயரும் பெற்றார்கள், யார் சாயம் பூசிய கூட்டமாக நின்றார்கள், யார் தோன்றவே இல்லை என்பதும் அவற்றின் வரலாற்றில் சேர வேண்டிய செய்தியாகிறது. விலங்குக்கு வலியையும் கடந்த காலத்தையும் தாய்நிலத்தையும் தாராளமாக வழங்கிய இப்படங்கள், அந்தத் தாய்நிலத்தில் வாழ்ந்த மனிதர்களுக்கு அவற்றை வழங்கத் தயங்கின. அத்தயக்கத்தை ஆழமாக உடைத்தவர்களோ, ஜப்பானின் விளிம்பிலிருந்து தலைநகருக்கு வந்து எழுதியவர்கள்.

முதல் படமான 'கோஜிரா', உலகம் காட்ஸில்லா என்று அறிந்திருக்கும் படம், பிறந்த விதத்திலேயே பேரரசின் நிழல் விழுந்திருக்கிறது. தோஹோ நிறுவனத்தின் தயாரிப்பாளர் தொமொயுகி தனாகா 1954இல் இந்தோனேசியாவுடன் சேர்ந்து ஒரு படம் எடுக்கத் திட்டமிட்டிருந்தார். போர்க்கால ஆக்கிரமிப்பின் நினைவு ஆறாமலும் இழப்பீட்டுப் பேச்சு முடியாமலும் இருந்த அந்நாளில், இந்தோனேசிய அரசு படக்குழுவினருக்கு விசா தர மறுத்துவிட்டது. கைவிடப்பட்ட அந்தப் படத்தின் இடத்தை நிரப்ப அவசரமாகத் தேடப்பட்ட கதைதான் கடலிலிருந்து எழும் விலங்கின் கதை. ஒரு முன்னாள் அடிமை நாடு சொன்ன மறுப்பிலிருந்து இவ்வகைப் படங்கள் தொடங்கின என்பது, அவற்றைப் பற்றிய பாராட்டுரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை.

கதைக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது அவ்வாண்டு மார்ச் 1 அன்று பிக்கினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய 'காசில் பிராவோ' ஹைட்ரஜன் குண்டுச் சோதனை. எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகி 15 மெகா டன் ஆற்றலோடு வெடித்த அக்குண்டின் கதிரியக்கச் சாம்பல், 23 பேருடன் சூரை மீன் பிடிக்கச் சென்றிருந்த 'தாய்கோ ஃபுகுர்யூ மாரு' என்ற ஜப்பானியப் படகின்மேல் விழுந்தது. அதன் வானொலி இயக்குநர் குபோயாமா செப்டம்பர் 23இல் இறந்தார். படம் நவம்பர் 3இல் வெளியானது. கடலில் செல்லும் ஓர் எளிய படகு திடீர் ஒளியில் தீப்பற்றி மூழ்குவதோடு படம் தொடங்கும்போது, அரங்கில் இருந்தவர்களுக்கு எந்த விளக்கமும் தேவைப்பட்டிருக்காது.

இயக்குநர் இஷிரோ ஹோண்டா, சீனாவில் போர்வீரராக இருந்து 1946இல் நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைக் கண்டவர். எளிய மக்களின் குரலை அவர் எவ்வளவு கூர்ந்து பதிவுசெய்தார் என்பதற்குப் படத்தின் நாடாளுமன்றக் குழுக் காட்சி நல்ல சான்று. விலங்கு அணுச் சோதனையால் எழுந்தது என்ற செய்தியை வெளியிட்டால் வெளிநாட்டு உறவுகள் கெடும், மறைத்துவிடலாம் என்று ஓர் ஆண் உறுப்பினர் வாதிட, உண்மையை மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பெண் உறுப்பினர்கள் எழுந்து நின்று உரக்கக் கத்துகிறார்கள். ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்து, 39 பெண்களைக் கீழவைக்கு அனுப்பிய தேர்தல் 1946 ஏப்ரலில்தான் நடந்திருந்தது. எட்டே ஆண்டுகளில் அந்த உரிமை ஒரு விலங்குப் படத்தில் இவ்வளவு இயல்பாக ஒலிப்பது வியப்புக்குரியது. ரயிலில் பயணம் செய்யும் ஒரு பெண், நாகசாகியிலிருந்து உயிர் தப்பி வந்தோமே என்று நொந்துகொள்வதும், எரியும் தெருவோரத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஒரு தாய், உங்கள் அப்பாவிடம் போய்ச் சேரப்போகிறோம் என்று ஆறுதல் சொல்வதும் இதே வரிசையில் வருபவை. ஓடோ என்ற கற்பனைத் தீவின் மீனவர்கள் தம் பழைய சடங்கு நடனத்தோடும் முதியவர்களின் நினைவோடும் காட்டப்படுவதோடு, தலைநகருக்கு வந்து அதிகாரிகள் முன் சாட்சியமும் சொல்கிறார்கள். ஜப்பானுக்குள் இருக்கும் தீவுக்கு, இவ்வாறு, வாய் உண்டு.

பிக்கினிக்கு இல்லை. ஃபுகுர்யூ மாரு படகின்மேல் விழுந்த அதே சாம்பல், ரொங்கெலாப் தீவில் வாழ்ந்த மார்ஷல் தீவு மக்கள்மேலும் விழுந்தது. இரண்டு நாள் கடந்த பிறகே அவர்களை அமெரிக்கக் கப்பற்படை அங்கிருந்து வெளியேற்றியது. பிக்கினியின் சொந்த மக்கள் 167 பேர் 1946 மார்ச்சிலேயே சோதனைக்காக இடம்பெயர்க்கப்பட்டிருந்தார்கள். 'கோஜிரா' அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. இந்த மௌனத்தை அறியாமை என்று கொள்வதற்கில்லை. ஏனெனில் மார்ஷல் தீவுகள் ஜப்பானுக்கு அந்நியமான நிலம் அல்ல. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914இல், ஜெர்மனியிடமிருந்து மரியானா, கரோலின், மார்ஷல் தீவுகளைக் கைப்பற்றிய ஜப்பான், பின்னர் சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி அவற்றை 'நான்யோ', அதாவது தென்கடல், என்ற பெயரில் ஆண்டது. பலாவு தீவுக்கூட்டத்தின் கொரோரில் தலைமை அலுவலகம் அமைத்து, தீவுப் பிள்ளைகளுக்கென்று குறுகிய காலத் தனிப் பள்ளிகளும் குடியேறிய ஜப்பானியரின் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிகளும் நடத்தியது. 1944 தொடக்கத்தில் அமெரிக்கப் படைகள் வரும்வரை பிக்கினியும் அந்த ஆட்சிக்கு உட்பட்டதே. ஆகவே அந்தத் தீவின்மேல் குண்டு வெடித்தபோது, முப்பதாண்டு காலம் தன் குடிகளாக இருந்தவர்களை ஜப்பானியத் திரை மறந்தது என்றே சொல்ல வேண்டும்.

மறந்தாலும் அவர்களைப் பற்றிய ஓர் உருவம் மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருந்தது. மார்ஷல் தீவுத் தலைவன் ஒருவனின் கறுத்த மகளைக் காதலியாக வைத்துப் பாடும் கேலிப் பாட்டு 1930இல் நாடெங்கும் பரவியது. 1933 முதல் சிறுவர் இதழில் தொடராக வந்த 'சாகச தங்கிச்சி' என்ற படக்கதையில், ஒரு ஜப்பானியச் சிறுவன் தென்கடல் தீவில் ஒதுங்கி அரசனாகிறான்; ஒருவருக்கொருவர் வேறுபாடு தெரியவில்லை என்று தீவுவாசிகளின் மார்பில் எண்களை எழுதி வைக்கிறான். அதைப் படித்து வளர்ந்த தலைமுறைதான் 1960களில் படம் எடுத்தது. ஹாலிவுட்டின் 'கிங் காங்' படமும், அதன் மண்டை ஓட்டுத் தீவும், இந்த உள்நாட்டு வார்ப்போடு வந்து கலந்தன.

பேசும் உரிமை இழப்பது ஜப்பானியருக்கும் நேர்ந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1956இல் அமெரிக்காவில் வெளியான வடிவத்தில், 96 நிமிடப் படம் 80 நிமிடமாகக் குறுக்கப்பட்டு, ரேமண்ட் பர் நடித்த அமெரிக்க நிருபர் ஒருவர் கதைக்கு நடுவே செருகப்பட்டு, அவர் கண்வழியாகவே அழிவு காட்டப்பட்டது. நாகசாகிப் பெண்ணின் பேச்சு நீக்கப்பட்டது. ஜப்பானியப் பாத்திரங்களுக்கு ஜேம்ஸ் ஹாங் முதலான சீன அமெரிக்க நடிகர்கள் குரல் கொடுத்தார்கள். தான் சாட்சியாகத் தோன்றிய படத்திலேயே தன் சாட்சியத்தை இழந்த அனுபவம் ஜப்பானியத் திரைக்கு அவ்வளவு சீக்கிரம் வாய்த்தது.

தீவு மக்கள் பக்கம் இவ்வகைப் படங்கள் உண்மையாகத் திரும்பியது 1961 ஜூலையில் வெளியான 'மோத்ரா'வில். தயாரிப்பு தனாகா, இயக்கம் ஹோண்டா, மாதிரி நகரங்களையும் விலங்குகளையும் ஆக்கும் சிறப்புக் காட்சி வேலை எய்ஜி ட்சுபுராயா என்ற கூட்டணி பழையதே. கதை மட்டும் ஷின்இச்சிரோ நகமுரா, தகேஹிகோ ஃபுகுநாகா, யொஷியே ஹொத்தா என்ற மூன்று தேர்ந்த இலக்கியவாதிகளிடமிருந்து வந்தது. அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து 1960இல் இலட்சக்கணக்கானோர் தோக்கியோ நாடாளுமன்றத்தைச் சூழ்ந்த நினைவு ஆறாத நேரம் அது. மூலக் கதையில் மோத்ரா என்ற ராட்சதப் பட்டுப்பூச்சிப் புழு கூடு கட்டுவதே நாடாளுமன்றக் கட்டடத்தின்மேல்தான். படத்தில் அது தோக்கியோ கோபுரமாக மாறியது.

ரோலிசிகா என்ற கற்பனை வல்லரசு, அமெரிக்காவையும் ரஷ்யாவையும் ஒன்றாகக் குழைத்துச் செய்யப்பட்ட நாடு, மனிதர் இல்லாத இடம் என்று சொல்லி இன்ஃபன்ட் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்க்கிறது. அருகே கப்பல் உடைந்து ஒதுங்கிய ஜப்பானிய மாலுமிகள் கதிரியக்க நோய் இல்லாமல் மீட்கப்பட, தீவு மக்கள் சிவப்புச் சாறு ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள் என்று அவர்கள் சொல்லும்போதுதான், அங்கே மனிதர்கள் இருப்பதே உலகுக்குத் தெரியவருகிறது. மக்கள் இல்லை என்று அறிவிக்கப்பட்ட நிலத்தில் மக்கள் இருந்தார்கள் என்ற இந்த ஒரே திருப்பத்தில், ஏழாண்டுகளுக்கு முன் 'கோஜிரா' சொல்லாமல் விட்டதை 'மோத்ரா' சொல்லிவிடுகிறது. ஆய்வுக் குழுவோடு வந்து, பின்னர் ஆட்களோடு மறுபடியும் வரும் நெல்சன் என்ற வணிகன், தீவைக் காக்கும் இரு சிறு பெண்களைப் பெட்டியில் அடைத்துக் கடத்துகிறான். தடுக்க வரும் தீவு மக்களை அவன் ஆட்கள் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்துகிறார்கள். கல்லைக் கல்லோடு தட்டி ஒலி எழுப்பியபடி நெருங்கி வந்த அம்மக்கள் குண்டு பட்டு விழும் காட்சியில் ஹோண்டா எந்த வேடிக்கையும் கலக்கவில்லை. பிறகு அந்தப் பெண்கள் தோக்கியோ மேடையில் நுழைவுச் சீட்டு வாங்கியோர் முன் பாட வைக்கப்படுகிறார்கள். காட்சிப்பொருளாக நிற்கும் அவர்கள் பாடுவது தம் தெய்வத்தை அழைக்கும் வேண்டுதல் என்பது பார்வையாளர்களுக்குப் புரியவில்லை. அப்பாட்டு மலாய், இந்தோனேசிய மொழியில் அமைந்தது. விசா மறுத்த நாட்டின் மொழியே இப்படியாக இவ்வகைப் படங்களின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் மொழியாயிற்று.

இத்தனை பரிவு இருந்தும், அப்பெண்களாக நடித்தவர்கள் 'தி பீனட்ஸ்' என்ற பெயரில் புகழ்பெற்றிருந்த ஜப்பானிய இரட்டைப் பாடகியர், எமி இதோவும் யூமி இதோவும். சுற்றி நின்ற தீவு மக்களோ பழுப்புச் சாயம் பூசிய ஜப்பானியர். பேசும் இருவருக்கு வெளுத்த நிறமும் பேசாத கூட்டத்துக்குக் கறுத்த நிறமும் பங்கிடப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நெல்சனாக நடித்த ஜெர்ரி இதோ நியூயார்க்கில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர் என்பதும், வெள்ளைக்காரன் பாத்திரத்துக்கு அவர் போதும் என்று கருதப்பட்டதும், அக்காலப் படப்பிடிப்புத் தளத்தில் இனம் என்பது சாயத்தாலும் உச்சரிப்பாலும் செய்யப்படும் பொருளாக இருந்ததைக் காட்டுகின்றன.

அடுத்த ஆண்டு வந்த 'கிங் காங் எதிர் காட்ஸில்லா' இதிலிருந்து பின்வாங்கியது. தொலைக்காட்சி விளம்பரதாரர்களின் பேராசையைக் கேலி செய்வதே ஹோண்டாவின் நோக்கம். மருந்து நிறுவனத் தலைவர் தாகோ, தன் நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்க ஒரு ராட்சத விலங்கைத் தேடி ஃபாரோ தீவுக்கு இருவரை அனுப்புகிறார். அவர்களைச் சூழ்ந்துகொண்ட தீவு மக்கள், கையடக்க டிரான்சிஸ்டர் வானொலியிலிருந்து பாட்டு எழுந்ததும் அஞ்சி வியந்து பணிகிறார்கள். தலைவனுக்கு வானொலியும் கூட்டத்துக்குச் சிகரெட்டும் கொடுக்கப்படுகின்றன. ஒரு சிறுவனும் சிகரெட்டுக்குக் கை நீட்டுகிறான். டிரான்சிஸ்டர் வானொலி அந்நாளில் ஜப்பான் உலகுக்கு விற்றுப் பெருமைப்பட்ட பொருள் என்பதை நினைத்தால், கேலி தோக்கியோ நிறுவனத்தின்மேல் விழுவதற்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்ட தீவின்மேல் சரிந்துவிட்டது தெரியும். விலங்கை மயக்கும் சிவப்புக் கனியும் சாறும் அம்மக்களின் அறிவு. ஆனால் அதைக் கொண்டுபோகிறவர்கள் யாரும் விலை பேசவில்லை, படமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

1964இன் 'மோத்ரா எதிர் காட்ஸில்லா'வில் அந்தக் கேள்வி திரும்பி வருகிறது. காட்ஸில்லாவை எதிர்க்க உதவி வேண்டி இன்ஃபன்ட் தீவுக்குச் செல்லும் நிருபர்களும் பேராசிரியரும், எலும்பு சிதறிய வறண்ட மண்ணைக் கண்டு தலை குனிகிறார்கள். பேய் நெருப்பைக் கொளுத்திய உங்களுக்கு நாங்கள் ஏன் உதவ வேண்டும், கரையொதுங்கிய மோத்ராவின் முட்டையைத் திருப்பித் தரவும் நீங்கள் மறுத்தீர்களே என்ற பொருளில் தீவுத் தலைவர் மறுக்கும்போது, ஜப்பானியர் இழந்தவர்கள் வரிசையிலிருந்து விலகி, பதில் சொல்ல வேண்டியவர்கள் வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். யூரிகோ ஹோஷி நடித்த பெண் நிருபர் எழுந்து, உங்கள் அவநம்பிக்கை நியாயமானது என்று ஒப்புக்கொண்ட பிறகே மன்றாடுகிறார். ராட்சத விலங்குப் படங்களில் இதற்கு இணையான நேர்மை கொண்ட காட்சிகள் மிகச் சிலவே.

போட்டி நிறுவனங்களின் படங்களில் அந்த நேர்மை தங்கவில்லை. தாய்எய் நிறுவனத்தின் 'கமேரா எதிர் பருகொன்' (1966), போரின்போது நியூ கினியில் ஒளித்து வைத்த இரத்தினக் கல்லைத் தேடி மூவரை அனுப்புகிறது. ஜப்பானிய வீரர்கள் பெருந்தொகையாகப் பட்டினியிலும் நோயிலும் மாண்ட நிலம் அது, அங்கே வாழ்ந்த மக்களும் அப்போரில் நசுங்கினார்கள். படத்தில் அவர்கள் எச்சரிக்கை சொல்வதற்கென்றே நிறுத்தப்பட்ட சாயம் பூசிய உருவங்கள். நிக்காட்சுவின் 'கப்பா' (1967), குட்டியைப் பறிகொடுத்த தாய் தந்தை விலங்குகளின் துயரத்தைக் கண்ணீர் வரும்படி சொல்லும் படம். அதே படத்தில் தீவுச் சிறுவன் சகியாக நடித்த பையனுக்கு முகமெல்லாம் கருமை பூசப்பட்டிருக்கிறது.

ஜப்பானின் உள்ளேயும் ஒதுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். தோல், இறைச்சி, மரண தண்டனை சார்ந்த தொழில்களால் தீட்டு என்று விலக்கப்பட்டு, 1871இல் சட்டப்படி விடுதலை பெற்றும் திருமணத்திலும் வேலையிலும் தீண்டாமைக்கு ஒப்பான ஒதுக்கலைச் சந்தித்துவந்த புராகுமின் மக்கள் அவர்களுள் முக்கியமானவர்கள். ஹோண்டா 1955இல் எடுத்த பனிமனிதன் படம், மலைக்குள் தனித்து வாழும் ஊர் ஒன்றின் மக்களை உடற்குறையும் முரட்டுத்தனமும் கொண்டவர்களாகக் காட்டியது. அச்சித்தரிப்பு புராகுமின் மக்களை இழிவுபடுத்துவதாகப் படிக்கப்பட இடம் தந்ததால், தோஹோ அதை இன்றுவரை வீட்டுக் காட்சிக்கு வெளியிடாமல் வைத்திருக்கிறது. 1958இன் 'பரான்', வடகிழக்கு மலை ஊர் ஒன்றின் தெய்வ வழிபாட்டை மூடநம்பிக்கை என்று நகரத்து அறிவியலாளர் வாயால் சொல்லவைத்து, பின்னர் அந்தத் தெய்வம் உண்மையிலேயே எழுந்து வருவதைக் காட்டியது. ஊர் மக்கள் சொன்னது சரி என்று நிரூபணமானாலும், அதன் பிறகு கதையில் அவர்களுக்கு இடமில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே மட்டும் வேறு வழியில் ஒரு விளிம்பைக் கொண்டுவந்தார். வடகோடித் தீவான ஹொக்கைடோவில் பிறந்து, அங்கே ஐனு என்ற தொல்குடியினரின் ஆட்டத்தையும் பாட்டையும் சிறுவயதில் அருகிருந்து கேட்டு வளர்ந்த அவருடைய இசையில், மீண்டும் மீண்டும் இடித்து வரும் தாளமும் குறுகிய ஒலித்தொடர்களும் அந்த ஆட்டபாட்டத்தின் தடம் கொண்டவை. காட்ஸில்லாவின் நடைக்கு உலகம் அறிந்த இசை அவருடையது.

அயல்நாட்டவர்களும் பெண்களும் இப்படங்களில் பெற்ற இடம் பெரும்பாலும் வணிகக் கணக்கோடு நகர்ந்தது. அமெரிக்க முதலீடு வந்த 1965இல் அமெரிக்க நடிகர் நிக் ஆடம்ஸ் இரு படங்களில் நாயகரானார். அவற்றுள் ஒன்றில், கணினியின் ஆணைப்படி ஒரே முகத்தோடு வார்க்கப்பட்ட எக்ஸ் கோள் பெண் நமிகாவா, குமி மிசுனோ நடித்த பாத்திரம், அந்த அமெரிக்கர்மேல் கொண்ட காதலால் தன் இனத்தின் கட்டளையை மீறிக் கொல்லப்படுகிறாள். அவள் விட்டுச்சென்ற குறிப்பே பூமியைக் காக்கிறது. 1975இல் 'மெக்காகாட்ஸில்லாவின் அச்சம்' படத்தில் பாதி இயந்திரமாக்கப்பட்ட கட்சுரா தன்னைத்தானே சுட்டுக்கொண்டு மனிதரைக் காப்பாற்றுகிறாள். அப்படத்தின் திரைக்கதையை எழுதிய யுகிகோ தகயாமா, காட்ஸில்லா படம் ஒன்றை எழுதிய முதல் பெண். வெளியாளாக இருக்கும் பெண் அன்பைப் பெறலாம், ஆனால் உயிரோடு ஊருக்குள் சேர முடியாது என்ற முடிவு, பத்தாண்டு இடைவெளியில் வந்த இவ்விரு படங்களிலும் மாறவே இல்லை.

ஹிரோஷிமாவைச் சித்தரிப்பதிலும் இடறல் நேர்ந்தது. அணுகுண்டுத் தாக்குதலுக்கு ஆளாகி உயிர் பிழைத்த 'ஹிபாகுஷா' மக்கள், நோய் தொற்றும், பிள்ளைகள் ஊனமாகப் பிறப்பார்கள் என்ற பயத்தால் திருமணச் சந்தையிலும் வேலையிலும் ஒதுக்கப்பட்டு வந்தார்கள். ட்சுபுராயாவின் நிறுவனம் தயாரித்த 'அல்ட்ரா செவன்' தொலைக்காட்சித் தொடரின் 12ஆம் பகுதி, 1967 டிசம்பரில் ஒளிபரப்பானது, குண்டுச் சோதனையால் இரத்தம் கெட்டுப்போன வேற்றுக்கோளினர் மனிதரின் இரத்தத்தைத் திருட வருவதாகக் கதை சொன்னது. 1970இல் ஒரு சிறுவர் இதழ், அவ்வுருவத்தை 'ஹிபாகுஷா வேற்றுக்கோளினர்' என்ற பொருளில் பெயரிட்ட அட்டையை இணைப்பாகக் கொடுத்தபோது, பாதிக்கப்பட்டோர் அமைப்பில் பணியாற்றிய ஒருவரின் மகள் தம்பியின் இதழில் அதைக் கண்டு வெளிக்கொணர, எதிர்ப்பு எழுந்து, அந்தப் பகுதி நிரந்தரமாக விலக்கப்பட்டது.

ட்சுபுராயா நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர்களை முன்னின்று எழுதியவர்களுள் இருவர் ஒக்கினாவாவைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் மிக முக்கியமான செய்தி. ஒக்கினாவா 1609இல் சத்சுமா படையெடுப்பால் பணிய வைக்கப்பட்ட ரியூக்யூ என்ற தனி அரசு. 1945இல் ஜப்பானின் பெருநிலத்தைக் காக்கும் அரணாகப் பலியிடப்பட்டு, இருதரப்பிலும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட போர்க்களம். பிறகு 1972 மே வரை அமெரிக்க ஆட்சியில் இருந்து, தன் மக்கள் தோக்கியோவுக்குப் படிக்கப் போகவும் கடவுச்சீட்டு வாங்க வேண்டியிருந்த நிலம். நான்யோத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் குடியேறி, பெருநிலத்து ஜப்பானியருக்குக் கீழ்ப்படியில் வைக்கப்பட்டவர்களிலும் ஒக்கினாவாவினரே மிகுதி. தெத்சுவோ கின்ஜோ, சிறுவனாகப் போரைக் கண்டவர், தாய் அதில் ஒரு காலை இழந்தவர். ட்சுபுராயா நிறுவனத்தின் கதைப் பிரிவுக்குத் தலைமை ஏற்று 'அல்ட்ராமேன்' உலகத்தை வடிவமைத்தார். 1968இல் அவர் எழுதிய 'அல்ட்ரா செவன்' பகுதியில், கடலடியில் வாழும் நொன்மால்ட் மக்கள் தாங்களே பூமியின் மூத்த குடிகள் என்றும் மனிதர்களே வந்தேறிகள் என்றும் சொல்ல, பாதுகாப்புப் படைத் தலைவர் ஒரு கணம் தயங்கி, பிறகு அந்த நகரத்தைக் குண்டு வீசி அழித்து வெற்றி முழங்குகிறார். அந்த வெற்றியைக் கேட்கும் நாயகனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கின்ஜோ 1969இல் ஊர் திரும்பி, 1976இல் 37 வயதில் இறந்தார்.

ஒக்கினாவாவின் நாஹாவில் பிறந்த ஷோசோ உஎஹாரா இன்னும் வெளிப்படையாக எழுதினார். 1971 நவம்பர் 19 அன்று 'மீண்டும் வந்த அல்ட்ராமேன்' தொடரில் ஒளிபரப்பான 'விலங்கைப் பழக்குபவனும் சிறுவனும்' என்ற 33ஆம் பகுதியில், ஆற்றங்கரையில் தனியே குழி தோண்டிக்கொண்டிருக்கும் ஆதரவற்ற சிறுவன் ஒருவனை, வேற்றுக்கோளைச் சேர்ந்தவன் என்று சொல்லி ஊரார் வெறுக்கிறார்கள்; பெரிய பையன்கள் அவனைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துச் சேற்று நீரை ஊற்றுகிறார்கள். ரொட்டிக் கடையில் வம்பு வேண்டாம் என்று அவனைத் திருப்பி அனுப்பிவிட, கடைக்காரரின் மகள் மழையில் பின்னால் ஓடிவந்து ரொட்டியை நீட்டுகிறாள். இரக்கம் வேண்டாம் என்று அவன் மறுக்க, இரக்கம் இல்லை, நாங்கள் ரொட்டி விற்கிறவர்கள் அல்லவா என்ற பொருளில் அவள் பதில் சொல்கிறாள். உண்மையில் வேற்றுக்கோளினர், சிறுவனை வளர்க்கும் நோயுற்ற முதியவர். அவர் வைத்துக்கொண்டிருக்கும் பெயர் கனயாமா, ஜப்பானில் வாழும் கொரியர் பலர் தம் அடையாளத்தை மறைக்க ஏற்றுக்கொண்ட பெயர்களுள் ஒன்று. கும்பல் சிறுவனை இழுத்துச் செல்ல, அவனைக் காக்க வெளியே வந்து உண்மையைச் சொல்லும் முதியவரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்கிறார். 1923 காந்தோ நிலநடுக்கத்தின்போது கிணற்றில் நஞ்சு கலந்தார்கள் என்ற வதந்தியால் ஆயிரக்கணக்கான கொரியர் ஊர்க் கும்பல்களாலும் காவலராலும் படையினராலும் கொல்லப்பட்ட நிகழ்வை, அப்போது பெரியவர்களுக்கான திரைப்படங்களே அரிதாகத் தொட்ட நிகழ்வை, மாலை நேரச் சிறுவர் தொடர் ஒன்று இவ்வாறு சொல்லியது. முதியவர் அடக்கி வைத்திருந்த விலங்கு எழுந்து நகரைத் தாக்க, காப்பாற்று என்று கூச்சலிடும் மக்களைக் கண்டு நாயகன் அசையாமல் நிற்கிறான்.

இதனோடு ஒப்பிட, 1974இல் தோஹோ ஒக்கினாவாவில் எடுத்த 'காட்ஸில்லா எதிர் மெக்காகாட்ஸில்லா' வெளியிலிருந்து பார்த்த பார்வையே. மறுஆண்டு நடக்கவிருந்த கடல் பொருட்காட்சிக்காகத் தீவு பரபரத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஷீசா என்ற காவல் சிங்கச் சிலையை விலங்காக்கி, அசுமி என்ற கற்பனை அரச மரபின் கடைசிப் பெண் பாடி எழுப்புவதாகக் கதை அமைந்தது. தம் முன்னோரை அழிக்க வந்த பெருநிலத்தாரை விலங்கு அழித்தொழிக்கட்டும் என்று அம்மரபின் முதியவர் விரும்பும் இடம் மட்டும் உண்மையின் சூடு உடையது. ஆனால் அவர் மனம் மாறுவதற்குப் படம் எந்தக் காரணத்தையும் தேடவில்லை. ஒக்கினாவாவின் காவல் தெய்வம் எழுந்து, 1945இல் அத்தீவின்மேல் சுமத்தப்பட்ட அதே வேலையை, ஜப்பானைக் காக்கும் வேலையை, செய்துவிட்டு உறங்கப் போகிறது.

இப்படைப்புகளை எழுதியவர்களின் பிறப்பிடத்தோடு சேர்த்துப் படிக்கும் ஆய்வு பின்னாளில்தான் வலுப்பெற்றது. ரிசாகு கிரிதோஷி 1993இல் கின்ஜோ, உஎஹாரா முதலான எழுத்தாளர்களைப் பற்றி வெளியிட்ட நூலுக்கு 33ஆம் பகுதியின் தலைப்பையே வைத்தார். ஹிபாகுஷாக்களைப் புண்படுத்திய 12ஆம் பகுதியும் மலையூர் மக்களைப் புண்படுத்திய பனிமனிதன் படமும் பெட்டகத்தில் இருக்கின்றன. அவற்றைத் தக்க விளக்கத்தோடு ஆய்வாளர்களுக்கேனும் திறந்துவிடுவதே புண்பட்டவர்களுக்கும் வரலாற்றுக்கும் செய்யும் நியாயமாக இருக்கும். கொரியரின் கொலையைச் சொன்ன 33ஆம் பகுதி மறுஒளிபரப்பிலும் குறுவட்டிலும் தடையின்றிக் கிடைக்கிறது. உஎஹாரா 2020இல் காலமானார்.